மலையேறும் கால்கள் யாருக்குச் சொந்தம்?

பௌர்ணமி தோறும் திருவண்ணாமலைக்கு லட்சக்கணக்கான ஜனங்கள் வருகிறார்கள். வெறுங்காலோடு 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி நடக்கிறார்கள். அவர்களுக்காகப் பாதை நெடுக விளக்கு எரிகிறது. குடிதண்ணீர் வைத்திருக்கிறார்கள். ஸ்பெஷல் பஸ் விடுகிறார்கள், ஸ்பெஷல் ரயில் விடுகிறார்கள். நல்லதுதான். நடக்கிறவர்களில் பலர் நம்மைப் போலக் கூலி வேலை செய்து பிழைக்கிறவர்கள். அவர்கள் காலுக்குச் செய்கிற வசதியை நாம் குறை சொல்லப் போவதில்லை.

இதே ஜில்லாவில் ஜவ்வாது மலை இருக்கிறது. அங்கேயும் ஜனங்கள் நடக்கிறார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அல்ல, அன்றாடம். ரேஷன் அரிசிக்கு நடை. ஆஸ்பத்திரிக்கு நடை. ரோடு எட்டாத குக்கிராமத்தில் பிரசவ வலி கண்டவளைத் தூளி கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு நடை. 2023 மே மாதம் பக்கத்து வேலூர் ஜில்லாவின் அல்லேரி மலையில் பாம்பு கடித்து ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. உடலை ஏற்றி வந்த ஆம்புலன்ஸ், மேலே பாதை இல்லை என்று நடுவழியில் இறக்கிவிட்டது. பெற்றவள் அந்தப் பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு மீதித் தூரத்தை நடந்தே ஏறினாள். பத்திரிகைகளில் படத்தோடு வந்த செய்தி இது.

மலைக்காரர்களின் கால் வலுவை யாருமே கவனிக்கவில்லை என்று சொல்லிவிடக் கூடாது. கவனித்தவர்கள் உண்டு. செம்மரக் கடத்தல் ஏஜெண்டுகள் கவனித்தார்கள். இருட்டில், பாதையில்லாத காட்டில், பாறை மேல் கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி இறங்கச் சமவெளிக்காரனால் முடியாது. மலைக்காரனால் முடியும். அட்வான்ஸ் பணத்தைக் கையில் திணித்து வண்டி வண்டியாக ஏற்றிக்கொண்டு போனார்கள். 2015 ஏப்ரல் 7-ந் தேதி, திருப்பதிக்குப் பக்கத்தில் சேஷாசலம் காட்டில், ஆந்திரப் போலீஸ் தனிப்படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரி முதலான ஜில்லாக்களைச் சேர்ந்த ஏழைக் கூலிகள் அவர்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் உண்டு. தாக்க வந்தார்கள், சுட்டோம் என்றது போலீஸ். பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள் என்றார்கள் தப்பி வந்தவர்கள். கட்டையை வாங்கிக் கப்பலேற்றிக் கோடி கோடியாகச் சேர்த்தவர்கள் அன்று காட்டில் இல்லை. காட்டில் இருந்தது கூலிக்கு நடந்த கால்கள்தான்.

அந்தக் கால் வலுவுக்குக் கட்டை தூக்குவதைத் தவிர வேறு கதியே கிடையாதா?

ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்னால் வடநாட்டு ஆதிவாசி ஒருவர் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். ஜெய்பால் சிங் முண்டா என்பது அவர் பெயர். ஹாக்கி என்றால் நம் தொழிலாளர்களுக்குத் தியான் சந்தைத் தெரியும். அந்தத் தியான் சந்த் ஆடிய முதல் ஒலிம்பிக் அணிக்குக் காப்டன் யார் என்று கேட்டால் படித்தவர்களே விழிக்கிறார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அவர் பெயரை நான் பார்த்ததில்லை.

1903-ல் ராஞ்சி ஜில்லாவில் குந்திக்குப் பக்கத்தில் டக்ரா என்ற கிராமத்தில் பிறந்தவர். முண்டா இனத்தைச் சேர்ந்தவர். அதே முண்டா மக்கள்தான் சில வருஷங்களுக்கு முன், பிர்சா முண்டாவின் தலைமையில் ஜமீன்தார்களையும் வெள்ளைக்காரனையும் எதிர்த்து வில்லும் அம்புமாக எழுந்தவர்கள். பிர்சா 1900-ல் ராஞ்சி ஜெயிலில் செத்தார். அந்த மண்ணில் மாடு மேய்த்த பையன், பாதிரியார் பள்ளியில் படித்து, அவர்கள் உதவியால் இங்கிலாந்து போய், ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் பட்டம் வாங்கினான். அங்கே ஹாக்கியில் மிகச் சிறந்த ஆட்டக்காரன் என்று பெயர் எடுத்தான். ஐ.சி.எஸ். பரீட்சையிலும் தேறினான். ஐ.சி.எஸ். என்றால் அன்றைக்கு என்ன என்று வயதானவர்களைக் கேளுங்கள். கலெக்டர் பதவி, பங்களா, டபேதார், கைகட்டி நிற்கும் ஊர் ஜனம்.

1928-ல் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒலிம்பிக். இந்தியா முதல் தடவையாக ஹாக்கி அணி அனுப்புகிறது. பம்பாயில் கப்பல் ஏறியபோது வழியனுப்ப வந்தவர்கள் மூன்றே பேர் என்று தியான் சந்த் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் இருந்த ஜெய்பால் சிங்கைக் காப்டனாக இருக்கச் சொன்னார்கள். ஐ.சி.எஸ். பயிற்சியில் இருந்தவர் லீவு கேட்டார். கிடைக்கவில்லை. அவர் லீவு இல்லாமலே போனார்.

அந்த அணி ஐந்து ஆட்டம் ஆடிற்று. ஆஸ்திரியா, பெல்ஜியம், டென்மார்க், சுவிட்சர்லாந்து, கடைசியாக மே 26-ந் தேதி ஹாலந்து. மொத்தம் 29 கோல் போட்டார்கள். எதிரி ஒரு கோல்கூடப் போடவில்லை. தங்கப் பதக்கம். அணி நிர்வாகத்தோடு ஏற்பட்ட பூசலில் காப்டன் கடைசிக் கட்ட ஆட்டங்களில் இறங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்னொரு விஷயம். 1920-ல் ஹாக்கியில் தங்கம் வாங்கிய பிரிட்டன், 1928-ல் அணியே அனுப்பவில்லை. தான் ஆளுகிற நாட்டிடம் தோற்றால் மானம் போகும் என்று பயந்துதான் என்று பேச்சு உண்டு. அடுத்த இரண்டு ஒலிம்பிக்கிலும் வரவில்லை. சுதந்திரம் வந்த மறு வருஷம், 1948-ல், லண்டனிலேயே 4-0 என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

ஜெய்பால் சிங் திரும்பியதும் எஜமானர்கள் என்ன செய்தார்கள்? லீவில்லாமல் போனதற்குத் தண்டனையாக, பயிற்சியை இன்னொரு வருஷம் செய் என்றார்கள். உங்கள் உத்தியோகமே வேண்டாம் என்று உதறிவிட்டார். அதன் பிறகு எண்ணெய்க் கம்பெனி வேலை, ஆப்பிரிக்காவில் ஆசிரியர் வேலை, சமஸ்தானத்து உத்தியோகம் என்று பத்து வருஷம் ஓடிற்று. இதோடு கதை முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியதில்லை. ஜெயித்த வீரர்கள் சௌக்கியமாக வாழ்ந்தது ஊரில் பலருக்கும் நடந்த சமாசாரம்.

1939 ஜனவரியில் ராஞ்சியில் ஆதிவாசி மகாசபை கூடிற்று. அவரைத் தலைவராக்கினார்கள். முண்டா, சந்தால், ஓராவ்ன், ஹோ என்று பாஷை வேறு, பழக்கம் வேறாகப் பிரிந்து கிடந்த ஜனங்கள் ஒரே மைதானத்தில் உட்கார்ந்தார்கள். நிலக்கரி, இரும்பு, காடு எல்லாம் அவர்கள் காலடியில். வயிற்றில் மட்டும் ஒன்றுமில்லை. அவர்கள் குறையைக் கேட்க அதுவரை எந்தப் பெரிய மனிதனும் கதவைத் திறக்கவில்லை. ஒலிம்பிக் காப்டன் வந்து தட்டியபோது திறந்தார்கள். விளையாட்டில் கிடைத்த பெயரை அவர் தன் ஜனங்கள் பேசுவதற்கான மேடையாக மாற்றினார். என்னைக் கேட்டால், 29 கோலைவிட இது பெரிய காரியம்.

1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து நின்றார். தன்னை ஜங்கிலி, அதாவது காட்டான், என்று கூப்பிடுவதில் தனக்கு வெட்கமில்லை என்றார். தன் ஜனங்களின் சரித்திரமே சுரண்டலும் நிலப்பறிப்பும்தான் என்றார். ஆதிவாசிகளுக்கு ஜனநாயகம் கற்றுக் கொடுக்க வேண்டாம், அதை அவர்களிடம் நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள் என்று, கோட்டும் கதருமாக அமர்ந்திருந்த கனவான்களைப் பார்த்துச் சொன்னார். சபையில் ஆண்கள் அதிகம், பெண்கள் வேண்டும் என்றும் அதே பேச்சில் சொன்னார். தங்களை ஆதிவாசி என்ற பெயரில்தான் அழைக்க வேண்டும் என்று பிடிவாதம் செய்தார். சட்டத்தில் அந்தப் பெயர் ஏறவில்லை. அட்டவணைப் பழங்குடி என்றுதான் ஏறிற்று.

பெயர் என்றதும் நம் மலை ஞாபகம் வருகிறது. ஜவ்வாது மலை ஜனங்களுக்கு மலையாளி என்று பெயர். கேரளத்துக்காரர் என்று நினைத்து, நீங்கள் எப்போது இங்கே வந்தீர்கள் என்று கேட்கிற அதிகாரிகளை நான் கண்டிருக்கிறேன். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்களின் சந்ததி என்று அந்த ஜனங்கள் தங்கள் கதையைச் சொல்வார்கள். அவர்கள் பேசுவதும் தமிழ்தான்.

ஜெய்பால் சிங்கைத் தெய்வமாக்கிக் கும்பிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரண்டாவது உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்க ஒத்துழைத்தவர் அவர். 1952 தேர்தலில் அவருடைய ஜார்க்கண்ட் கட்சி சேவல் சின்னத்தில் நின்று, பீகார் சட்டசபையில் 30-க்கும் மேற்பட்ட இடங்களைப் பிடித்துப் பிரதான எதிர்க்கட்சியானது. அப்படிப்பட்ட கட்சியை 1963-ல் கொண்டுபோய்க் காங்கிரசில் கரைத்தார். 1948 ஜனவரி 1-ந் தேதி கர்சாவான் சந்தையில், தங்கள் பிரதேசத்தை ஒரிசாவோடு சேர்க்காதே என்று கூடிய ஆதிவாசிகள் மேல் ஒரிசாப் போலீஸ் சுட்டது. 35 பேர் செத்தார்கள் என்று பத்திரிகை எழுதியது. நூற்றுக்கணக்கில் என்று அந்த ஊர் ஜனங்கள் சொல்கிறார்கள். அந்த ரத்தத்தைப் பார்த்த மக்கள் கரைப்பை எப்படி ஒப்புக்கொள்வார்கள்? கட்சி போயிற்று, கோரிக்கை போகவில்லை. 1970-ல் அவர் இறந்தார். 2000 நவம்பர் 15-ந் தேதி ஜார்க்கண்ட் மாநிலம் உண்டாயிற்று. ராஞ்சியில் அவர் பெயரில் ஒரு மைதானம் இருக்கிறது.

உலகத்தின் மறுகோடியிலும் இதே கதை உண்டு. ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பெண் காத்தி ஃப்ரீமன் 1994 காமன்வெல்த் போட்டியில் 400 மீட்டர் ஓடி ஜெயித்ததும் தன் இனத்தின் கொடியையும் தேசக்கொடியோடு சேர்த்துத் தூக்கினார். அந்த நாட்டு அணியின் அதிகாரியே கண்டித்தார். அவர் கேட்கவில்லை. 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கி, இரண்டு கொடியையும் மறுபடி தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார். பிற்பாடு பூர்வகுடிக் குழந்தைகளின் படிப்புக்கென்று ஒரு ஸ்தாபனம் வைத்தார்.

திரும்ப ஜார்க்கண்டுக்கு வருவோம். சிம்டேகா என்று ஒரு ஜில்லா. ஒடிசாவின் சுந்தர்கர் அதற்கு அடுத்தது. அங்கே கிராமத்துக்குக் கிராமம் ஹாக்கிப் பந்தயம் நடக்கும். ஜெயித்த அணிக்குப் பரிசு ஒரு ஆட்டுக்கிடாய். மூங்கிலைச் செதுக்கி மட்டை செய்து, வெறுங்காலோடு, கரட்டு மண்ணில் ஆடுவார்கள். கிடாயை அறுத்து ஊரே சாப்பிடும். கோப்பையை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார்களே, அதைவிட இந்தக் கிடாய் எனக்குப் பிடித்திருக்கிறது. இப்படிப்பட்ட மண்ணிலிருந்துதான் 1972 ஒலிம்பிக்கில் ஆடிய மைக்கேல் கிண்டோ வந்தார். மூன்று ஒலிம்பிக்கில் ஆடிய திலீப் திர்க்கி வந்தார். 2022-ல் அகில இந்திய ஹாக்கி ஸ்தாபனத்துக்கே அவர் தலைவரானார். குந்தியின் நிக்கி பிரதான் வந்தார். சிம்டேகாவின் சலீமா டெட்டே வந்தார்.

சலீமா விஷயத்தில் நடந்ததைக் கேளுங்கள். 2021-ல் டோக்கியோவில் அவர் இந்தியாவுக்காக ஆடிக்கொண்டிருக்கிறார். கிராமத்தில் அவர் வீட்டில் அதைப் பார்க்க டெலிவிஷன் பெட்டி கிடையாது. பத்திரிகைகள் எழுதின பிறகு அதிகாரிகள் ஓடோடிப் போய்ப் பெட்டி வைத்தார்கள். 2024-ல் அவர் இந்திய அணியின் காப்டனானார். இங்கேதான் நமக்கு ஒரு சண்டை இருக்கிறது. மகள் ஒலிம்பிக் போனால்தான் வீட்டுக்குக் கரண்டும் ஊருக்கு ரோடும் என்றால், ஒலிம்பிக் போகாத மகளைப் பெற்றவன் என்ன பாவம் செய்தான்? சலுகை கேட்டு ஜெய்பால் சிங் சபையில் நிற்கவில்லை. எங்கள் நிலம், எங்கள் உரிமை என்றுதான் நின்றார்.

வயிற்றுக்குச் சோறு இல்லாதவனுக்குப் பந்து எதற்கு என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்கிறார்கள். கூலியையும் பட்டாவையும் பேசாமல் விளையாட்டைப் பேசுகிறானே என்று என்னையும் கேலி செய்தார்கள். சோறு முதல் என்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். மலைப் பையன் சமவெளிக்கு இறங்கும்போது தலை குனிந்துதான் இறங்குகிறான். பஸ்ஸில் இடமிருந்தும் நின்றுகொண்டு வருகிறான். அவனைக் கூப்பிட்டுச் சங்கத்தில் சேர் என்றால் பயப்படுகிறான். அதே பையன் கபடியில் எதிர் அணியின் நாலு பேரை இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டு வந்த அன்றைக்கு அவனிடம் பேசிப் பாருங்கள். வேறு மனிதனாக இருக்கிறான். தன் உடம்பு தனக்குச் சொந்தம் என்று தெரிந்தவனை ஏஜெண்டு ஏமாற்றுவது கஷ்டம். பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் நிஜம். பதினைந்து வயதில் தாலி கட்டி அனுப்பிவிடுகிற வழக்கம் மலையில் இன்னும் ஒழியவில்லை. உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கி, அணியில் இடம் பிடித்த பெண்ணைப் படிப்பை நிறுத்தி இழுத்துப் போக வீட்டாரே தயங்குகிறார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

இப்போது நம் மலையில் என்ன இருக்கிறது? பல குக்கிராமங்களில் மைதானம் கிடையாது. மட்டமான இடம் கொஞ்சம். அதில் சாமை விதைக்கிறார்கள். அறுத்த பிறகு அந்தத் தாளடியிலேதான் பையன்கள் ஓடுகிறார்கள். காலில் தாள் குத்திப் புண்ணாகும். மீதி இடமெல்லாம் வனத்துறைக்குச் சொந்தம் என்கிறார்கள். ஜில்லா மைதானத்தில் பயிற்சி எடுக்க வேண்டுமானால் மலை இறங்கி, போளூர் கடந்து, திருவண்ணாமலை வரவேண்டும். பஸ் சார்ஜ் யார் கொடுப்பது? அன்றைக்கு வேலைக்குப் போகாவிட்டால் கூலி யார் கொடுப்பது?

பிறகு அந்தச் சாதிச் சான்று. விளையாட்டு விடுதியோ, கல்லூரியோ, உத்தியோகமோ, எதற்கும் அது வேண்டும். பழங்குடிச் சான்று கொடுக்கும் அதிகாரம் கோட்டாட்சியர் கையில். தாசில்தார் காரியாலயத்துக்கும் மேலே நடக்க வேண்டும். சமவெளியில் செங்கல் சூளையிலும் அரிசி மில்லிலும் கொத்தடிமையாகக் கிடந்த இருளர்களுக்குச் சொந்த வீட்டு விலாசமே இருக்காது. அவர்கள் பாடு இன்னும் மோசம். ஒரு சமயம் ஓட்டத்தில் கெட்டிக்காரனான ஒரு இருளர் பையனை அழைத்துக்கொண்டு சான்று கேட்கப் போயிருந்தேன். எந்தக் காரியாலயம் என்று சொல்ல வேண்டாம். அங்கிருந்தவர், உனக்குப் பாம்பு பிடிக்கத் தெரியுமா என்று அவனைக் கேட்டார். தெரியாது என்றான். அப்புறம் நீ என்ன இருளன் என்று காகிதத்தைத் திருப்பித் தள்ளினார். ஐயருக்கு வேதம் தெரியுமா என்று கேட்டா அவருக்குச் சான்று கொடுக்கிறார்கள்?

2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. இடதுசாரிகளும் ஆதிவாசி ஸ்தாபனங்களும் போராடிப் பெற்ற சட்டம். பட்டா சம்பந்தமான பகுதி எல்லோருக்கும் தெரியும். அதில் இன்னொரு பகுதி உண்டு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரோடு, ரேஷன் கடை, சமூகக்கூடம் என்று 13 காரியங்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக, கிராமசபையின் சிபாரிசின் பேரில் வனநிலத்தை ஒதுக்கலாம். விளையாட்டு மைதானம் அந்தப் பதிமூன்றில் தனியாக எழுதப்படவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் இருக்கிறதல்லவா? மைதானம் இல்லாமல் என்ன பள்ளிக்கூடம்? பள்ளிக்கூடத்துக்கு இடம் கேட்கும்போதே மைதானத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஒரு ஹெக்டேர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். கபடிக்கும் வாலிபாலுக்கும் அதில் ஒரு மூலை போதும்.

மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் இதைப் படித்துவிட்டு, மலைக்காரர் சமாசாரம் நமக்கென்ன என்று தாளைத் திருப்பிவிடக் கூடாது. மலையில் பிழைப்பில்லாதவர்கள் எங்கே வருகிறார்கள்? நம் இடத்துக்குத்தான். கரும்பு வெட்ட வருகிறார்கள். திருப்பூருக்கும் கேரளத்துக்கும் போகிறார்கள். மேஸ்திரி அவர்களைக் குறைந்த கூலிக்குப் பேசி அழைத்து வருகிறான். அதைக் காட்டி நம் கூலியையும் அமுக்குகிறான். அவர்கள் தலை நிமிராமல் நம் கூலி நிமிராது. நம் சங்கங்கள் மே தினத்துக்குக் கபடிப் போட்டி நடத்துகின்றன, கொடி கட்டுகின்றன, பரிசு கொடுக்கின்றன. மலையிலிருந்து ஒரு அணியைக் கூப்பிட்டு, பஸ் சார்ஜும் சாப்பாடும் கொடுத்து ஆட வைத்த சங்கம் எத்தனை? விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மே 1-ந் தேதி கிராமசபை கூடும் நாளும்கூட. ஜமுனாமரத்தூர் வட்டாரத்தில் இருக்கும் தோழர்கள் ஒவ்வொரு ஊராட்சியிலும் மைதானத்துக்கான தீர்மானத்தை எழுதி, கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி, நகல் ஒன்றைக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். மினிட் புத்தகத்தில் ஏறிற்றா என்று அன்றைக்கே பார்த்துவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஏறாது. கீழே போளூரிலும் திருவண்ணாமலையிலும் இருக்கும் சங்கங்கள் இந்த வருஷக் கபடிப் போட்டிக்கு மலையிலிருந்து இரண்டு அணிகளையாவது கூப்பிடட்டும், அதில் ஒன்று பெண்கள் அணியாக இருக்கட்டும். கோப்பைக்குப் பணம் இல்லையென்றால் ஒரு கிடாய் வாங்கிக் கட்டுங்கள்.